சொல்லாத ‘நான்’: ஸ்பானிய மொழியின் தோன்றா எழுவாய்

தத்துவ அறிஞர் தெகார்த் 1637-இல் பிரெஞ்சில் எழுதிய ‘நான் சிந்திக்கிறேன், ஆகவே நான் இருக்கிறேன்’ என்ற புகழ்பெற்ற வாக்கியத்தில், ‘நான்’ என்று பொருள்படும் ‘ழெ’ இருமுறை வருகிறது. அதையே ஸ்பானியர்கள் ‘பியென்சோ, லுயேகோ எக்ஸிஸ்தோ’ என்கிறார்கள். ‘நான்’ என்பதற்குரிய ‘யோ’ அதில் ஓரிடத்திலும் இல்லை. இரு வினைகளின் ஈற்றிலும் உள்ள ‘ஓ’ என்ற விகுதியே பேசுபவரைக் காட்டிவிடுகிறது. ‘வந்தேன்’ என்றால் வந்தது யார் என்று கேட்காத நமக்கு இது புதிதன்று. நம் இலக்கணம் இதைத் தோன்றா எழுவாய் என்கிறது.

‘பேசு’ என்னும் வினை ஆப்லோ (பேசுகிறேன்), ஆப்லாஸ் (பேசுகிறாய்), ஆப்லாமோஸ் (பேசுகிறோம்) என ஆளுக்கேற்ப மாறுகிறது. பிரெஞ்சில் இத்தகைய விகுதிகள் பல எழுத்தில் மட்டும் எஞ்சி, உச்சரிப்பில் தேய்ந்துவிட்டதால், அங்கே எழுவாயை விட முடிவதில்லை. ஆனால் ஸ்பானிய விகுதியும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. ‘ஆப்லா’ என்றால் அவன், அவள், மரியாதைக்குரிய நீங்கள் என மூவரில் யாராகவும் இருக்கலாம். இறந்தகால ‘ஆப்லாபா’வில் இவர்களோடு ‘நான்’ என்பதும் சேர்ந்துகொள்கிறது. அப்போது முந்தைய பேச்சுதான் ஆளைக் காட்டும். அதுவும் போதாதபோது எழுவாய் வெளிப்படுகிறது.

குழப்பமே இல்லாத இடத்திலும் அது வருவதுண்டு. உணவகத்தில் பில் வந்ததும் ‘பாகோ யோ’ என்று ஒருவர் கையை நீட்டினால், ‘பாகோ’ ஒன்றே ‘பணம் கட்டுகிறேன்’ என்று முழுமையாகப் பொருள்தரும் நிலையில், பின்னால் வரும் ‘யோ’ நம் ‘நான்தான்’ என்பதிலுள்ள ‘தான்’ செய்யும் வேலையைச் செய்கிறது. இந்த நுட்பம் தெரியாமல் வாக்கியந்தோறும் ‘யோ’ சேர்க்கும் மாணவரின் பேச்சு, அவர் எந்நேரமும் யாரையோ மறுத்துப் பேசுவதுபோல் ஒலிக்கும்.

கியூபா, புவெர்த்தோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு ஆகிய கரீபியப் பகுதிகளில் எழுவாய் அடிக்கடி வெளிப்படையாக வருகிறது. அங்கே சொல்லிறுதி ‘ஸ்’ தேய்ந்து, ‘ஆப்லாஸ்’ என்பதும் ‘ஆப்லா’ என்றே ஒலிப்பதால், அந்த இழப்பை ஈடுசெய்யவே ‘து’ (நீ) பெருகியது என்பது ஒரு விளக்கம். கேட்க அழகாக இருந்தாலும் இது முழு உண்மையாக இருக்க முடியாது என்றே தோன்றுகிறது. தேய்வதற்கு ‘ஸ்’ஸே இல்லாத ‘யோ’ வடிவங்களோடும் அங்கே எழுவாய் மிகுதியாக வருகிறது. அதே ‘ஸ்’ தேய்கிற தென் ஸ்பெயினின் அண்டலூசியாவிலோ அந்த அளவுக்கு வருவதில்லை. சொல்வரிசையும் மாறியிருக்கிறது: ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்பதற்கு மத்ரித்தில் ‘கே கியேரெஸ்?’ என்பார்கள், எழுவாய் வந்தாலும் வினைக்குப் பின்னால்தான் வரும். கரீபியத்திலோ ‘கே து கியேரெஸ்?’ என்று ‘து’ வினைக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது.