"தாடியைப் பார்த்தேன் டாக்டர்"

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில், தலை முதல் கால் வரை இலை வண்ண உடுப்பு அணிந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையெல்லாம் இரத்தம். அவருடையது அல்ல, உள்ளே படுத்திருந்த இன்னொருவருடையது. என்னைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. "தாடியைப் பார்த்தேன் டாக்டர். சத்தியமாகத் தாடியைப் பார்த்தேன்" என்றார்.

காட்டு வான்கோழிச் சேவலின் நெஞ்சிலிருந்து குதிரைமயிர் போலத் தொங்கும் கற்றையைத்தான் தாடி என்கிறார்கள். வளர்ந்த சேவலுக்கு ஒன்பது, பத்து அங்குலம் இருக்கும். நான் வேலை பார்க்கும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வசந்த காலப் பருவத்தில் தாடி உள்ள பறவையை மட்டுமே சுடலாம். ஆகவே தாடியைப் பார்த்த பிறகே விசையை அழுத்தியதாக அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் பார்த்தது இன்னொரு வேட்டைக்காரரின் கழுத்தில் தொங்கிய பைனாகுலர் வார்.

இடைவெளி எழுபது அடி. அடிபட்டவர் ஓர் ஓக் மரத்தின் பின்னால் பாதி மறைந்திருந்ததால் பிழைத்தார். ஒரு தோட்டாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு குண்டுகள் இருக்கும். நம் ஊர்ச் செய்தித்தாள்கள் பால்ரஸ் என்று எழுதுகின்றனவே, அதே வகைதான். மரம் வாங்கியது போக, முகத்திலும் கழுத்திலும் இடது கையிலும் 41 எண்ணினோம். ஒன்று இடது கண்ணுக்குள். ஹெலிகாப்டரில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. (ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பதினேழு ஆண்டுகளில் நான் பார்க்கும் ஆறாவது ஆள் இவர். அதிகமில்லை என்பீர்கள். உண்மைதான், மே மாதத்தில் உண்ணிக்கடியோடு வருபவர்கள் ஒரு வாரத்திலேயே இதைவிட அதிகம். பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமான பிறகு இத்தகைய விபத்துகள் முன்பைவிட வெகுவாகக் குறைந்தும் இருக்கின்றன. ஆனாலும் இந்த ஆறும் ஒரே அச்சில் வார்த்தது போல நடந்திருப்பதுதான் எனக்கு எரிச்சல். ஆறு முறையும் சுட்டவர் அதைத்தான் சொன்னார்: பார்த்தேன்.

அதைவிட எரிச்சல், இதைக் கேட்டதும் நம்மவர்கள் சொல்வது. போன வாரம் ஒரு தமிழ்க் குடும்ப விருந்தில் இந்தச் சம்பவத்தைச் சொன்னேன். "மனுஷனுக்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாதா? குடித்திருந்தானா? முதலில் கண் டாக்டரிடம் அனுப்புங்கள்" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் அப்படிச் சிரித்தவர்களில் இருவர் சென்ற ஆண்டுதான் வேட்டை உரிமம் வாங்கியிருக்கிறார்கள். குடிகாரனுக்கும் குருடனுக்கும்தான் இது நேரும் என்று நம்புகிறவன், தனக்கு நேராது என்ற தைரியத்தில் காட்டுக்குள் போவான்.

சுட்டவர் குடிக்கவில்லை. கண்ணாடி போட்டால் அவருடைய பார்வை என்னுடையதைவிடத் தெளிவு. முப்பது ஆண்டு வேட்டை அனுபவம். அப்படியானால் அன்று என்னதான் நடந்தது?

மூன்றரை மணிக்கு எழுகிறீர்கள். இருட்டோடு இருட்டாக மலைச்சரிவில் ஏறி ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருகிறீர்கள். விடியும் முன், மரக்கிளையில் இரவைக் கழித்த சேவல் முதல் முழக்கம் விடுகிறது. நீங்கள் ஸ்லேட்டில் குச்சியைத் தேய்த்துப் பெட்டைக் குரல் எழுப்புகிறீர்கள். பதில் வருகிறது. பறவை கீழே இறங்குகிறது. நீங்கள் கூப்பிட, அது முழங்க, இப்படியே ஒரு மணி நேரம். இருநூறு கஜம், நூறு கஜம், எண்பது. பிறகு திடீரென்று மௌனம். இந்த மௌனம்தான் ஆபத்தான நேரம். சேவல் வாயை மூடிக்கொண்டு நேராக உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கலாம், இல்லை போயே போயிருக்கலாம். இந்தப் பக்கமாகத்தான் வரும் என்று மனம் ஒரு புதரைக் குறித்து வைத்துவிட்டது. அந்தப் புதர் அசைகிறது. கறுப்பாக ஒன்று தொங்குகிறது. மேலே வெளுப்பாக ஏதோ தெரிகிறது. கிளர்ச்சியில் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நிறம் மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைய வெளுப்பு, மூச்சு முட்டுகிறதென்று முகமூடியைக் கழற்றிய ஒருவரின் வழுக்கைத் தலை.

கண் அங்கே வெளுப்பையும் கறுப்பையும் அசைவையும் மட்டுமே பார்த்தது. பறவையைச் செய்து முடித்தது காது. ஒரு மணி நேரமாகக் காது சொல்லிக்கொண்டிருந்த கதைக்குக் கண் கடைசி வரியை எழுதிவிட்டது.

நம்ப முடியவில்லையா? 23சி பஸ்ஸுக்கு அரை மணி நேரமாகக் காத்திருந்தவருக்கு, தூரத்தில் வரும் 29சி எத்தனை முறை 23சி ஆகத் தெரிந்திருக்கிறது? கை காட்டியே நிறுத்தியிருப்பீர்கள். அப்போது உங்கள் கண்ணில் கோளாறு இருந்ததா? எங்கள் தொழிலிலும் இதே கதைதான். சீட்டில் 'இடது நுரையீரலில் நிமோனியாவா?' என்று எழுதி அனுப்பினால், எக்ஸ்ரேயில் இடது பக்கம் ஒரு நிழலைக் கண்டுபிடித்துத் தருபவர்கள் உண்டு. கண்டுபிடித்துத் தந்தவன் நானும்தான். நம் மலையோர ஊர்களில் காட்டுப்பன்றி என்று நினைத்து உடன் வந்தவனையே சுட்டுவிட்ட செய்தி வரும்போதெல்லாம் 'அதெப்படி' என்று கேட்கிறோமே, அப்படித்தான்.

எனக்கு இதெல்லாம் மருத்துவம் படித்ததால் மட்டும் தெரிந்ததல்ல. எங்கள் மருத்துவமனையின் எக்ஸ்ரே தொழில்நுட்பர் ஒருவர் வற்புறுத்தி, பயிற்சி வகுப்பு முடித்து, நானும் சில ஆண்டுகளாக வசந்தத்தில் போகிறேன். முதல் ஆண்டில் ஒரு சேவல் பன்னிரண்டு அடி வரை வந்தது. மயிலைப் பார்த்து ஆடியதாக நாம் ஏளனம் செய்யும் பறவைதான். கிட்டத்தில் தோகை விரித்து நின்றால் செம்பும் வெண்கலமும் பச்சையுமாக மின்னுகிறது. நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் அடித்தொனி எழுப்புகிறது. காதில் கேட்பதற்கு முன் விலா எலும்பில் தெரிகிறது, தெருமுனையில் லாரி இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியது போல. என் நாடித்துடிப்பை எண்ணிப் பார்த்தேன், தொழில் புத்தி. 140. துப்பாக்கி மடியில் இருந்ததே நினைவில்லை. சேவல் சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டை எதுவும் இல்லை என்று சலித்துக்கொண்டு போய்விட்டது. இன்றுவரை அதுதான் என் சிறந்த வேட்டை.

மூன்றாம் ஆண்டு நடந்ததை மனைவியிடம்கூட வெகுகாலம் சொல்லவில்லை. ஒரு மணி நேர முழக்கம், பிறகு மௌனம். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் பழுப்பு விசிறி ஒன்று எழுந்தது. ஓரத்தில் வெளிர் பட்டை. அதன் முன்னால் கழுத்து. துப்பாக்கி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டேன். அப்போது அந்த வான்கோழி இருமியது.

விசிறி என்று நான் பார்த்தது, மடித்துத் தோளில் போட்ட ஒரு ஜாக்கெட். கழுத்து, முழங்கை. அந்த மனிதர் நான் தேய்த்த ஸ்லேட்டின் சத்தத்தைக் கேட்டு, பெட்டை இருக்குமிடத்தில் சேவலும் இருக்கும் என்று ஊர்ந்து வந்திருக்கிறார். அவருக்குச் சளி பிடித்திருந்தது. அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார், நான் மருத்துவராக இருக்கிறேன்.

இப்போது சிரியுங்கள் பார்க்கலாம்.

உரிமம் வாங்கியிருக்கும் நண்பர்களே, ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: சத்தத்தை நோக்கிப் போகாதீர்கள். பென்சில்வேனியாவில் வசந்த காலத்தில் கூப்பிட்டு வரவழைத்துத்தான் சுடலாம். பறவையையோ அதன் குரலையோ பதுங்கித் தொடர்வது சட்டப்படி குற்றம். 'நான் தொடரவில்லை, இடம் மாற்றிக்கொண்டேன்' என்று கண்ணை இழந்தவர் என்னிடம் வாதாடினார். சட்டத்தை விடுங்கள், அது பலிக்கவும் பலிக்காது. வான்கோழி தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 270 பாகை பார்க்கும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் மிச்சமும் அதற்குத்தான். நீங்கள் ஊர்ந்து போய்ச் சேரும்போது பறவை இருக்காது. இருப்பது பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியும் ஸ்லேட்டும் துப்பாக்கியும் வைத்திருக்கும் என்னைப் போன்ற ஒருவன்.

அவன் குறி வைப்பது எங்கே என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வான்கோழியின் உடம்பில் இறகும் சதையும் தடிப்பு என்பதால், தலையையும் கழுத்தையும் பார்த்துத்தான் சுடுவார்கள். மறைந்து உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் வெளியே தெரிவதும் தலை, கழுத்து, கை. நான் தைத்ததெல்லாம் இந்த மூன்று இடங்களில்தான்.

சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் கூடாது. கைக்குட்டை, காலுறை, உள்பனியனின் கழுத்து விளிம்பு, தண்ணீர் பாட்டிலின் மூடி எல்லாம் இதில் அடக்கம். கறுப்பு வாரை உள்ளே தள்ளுங்கள். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். நடக்கும்போது ஒளிரும் ஆரஞ்சுத் தொப்பி போடுங்கள். உட்கார்ந்த பிறகு கழற்றிக்கொள்ளலாம். பறவை பார்த்துவிடுமே என்கிறீர்களா? பார்க்கட்டும், நடக்கிறவனை அது எப்படியும் பார்த்துவிடும். சுட்ட பறவையையும் ஆரஞ்சுப் பையில் போட்டே தூக்கி வாருங்கள். கௌதாரி பிடிப்பவர்கள் மற்றதை ஈர்க்கப் பார்வைப் பறவை வைப்பார்களே, அதுபோன்ற பொம்மைப் பெட்டையைக் கொண்டுபோனால் அதையும் மூடிக் கொண்டுபோங்கள்.

சேவலின் விசிறித் தோகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போகும் ஒரு முறை இப்போது வீடியோக்களில் பிரபலமாக இருக்கிறது. சேவல் கோபித்துக்கொண்டு ஓடிவரும், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். சில மாநிலங்கள் பொது நிலங்களில் இதைத் தடை செய்திருக்கின்றன. தடை இல்லாத இடத்திலும், வேட்டைக்காரர்கள் நிறைந்த காட்டில் வான்கோழி வேஷம் போட்டுக்கொண்டு தவழ்வதற்கு மருத்துவத்தில் என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேட்டையே வேண்டாம், குழந்தைகளோடு மலை நடைக்குப் போகிறோம் என்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும்போது ஆரஞ்சு போடுகிறீர்கள். அரசு வேட்டை நிலங்களில் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை வேட்டையாடாதவர்களும் போட வேண்டும் என்பதே விதி. மே மாதத்துக்கு அப்படி விதி இல்லாததால் யாருக்கும் நினைவு வருவதில்லை. அந்த நிலங்களில் காலை நடை வேண்டாம், மதியம் போங்கள். பருவத்தின் முதற்பாதியில் நண்பகலோடு வேட்டை நின்றுவிடும். பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சட்டை போட்டுவிடுங்கள். அழகான முழக்கம் கேட்டால், 'வா கண்ணு, கோழி பார்க்கலாம்' என்று புதருக்குள் கூட்டிப் போகாதீர்கள். யாராவது மறைந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், அசைவுதான் வினை. நின்ற இடத்திலேயே நின்று உரக்கக் குரல் கொடுங்கள். தமிழில் கத்தினாலும் சரி, எந்த வான்கோழியும் தமிழ் பேசுவதில்லை.

மீறி அடிபட்டுவிட்டால் 911-ஐ அழையுங்கள். இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கண்ணை மட்டும் அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள், மருந்து விடாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்மேல் கவிழ்த்து, அது அசையாமல் ஒட்டிக் கொண்டுவாருங்கள். சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம், அறுவைச் சிகிச்சை இருக்கலாம். 'குண்டை எல்லாம் எடுத்துவிட்டீர்களா' என்று கேட்டு எங்களோடு சண்டை போட வேண்டாம். சதையில் தங்கிய குண்டை நோண்டி எடுப்பதில் வரும் சேதம் பெரும்பாலும் குண்டு செய்ததைவிட அதிகம். கண், மூட்டு போன்ற இடங்களுக்கு மட்டும் வேறு கணக்கு. அந்த 41-இல் பெரும்பாலானவை இன்னும் அவருக்குள்தான் இருக்கின்றன.

ஓர் உதவி செய்யுங்கள். வரும்போது தோட்டாப் பெட்டியை எடுத்து வாருங்கள். உள்ளே போயிருப்பது ஈயமா, எஃகா, டங்ஸ்டனா என்று அதில்தான் அச்சிட்டிருக்கும். எஃகு என்றால் எம்ஆர்ஐ விஷயத்தில் நாங்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும். இதுவரை வந்த ஆறு பேரோடு துணைக்கு வந்தவர்களில் மூவர் துப்பாக்கியை மறக்காமல் மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுவந்து பாதுகாவலரைப் பதறவைத்தார்கள். பெட்டியை ஒருவர்கூடக் கொண்டுவரவில்லை.