ஆட்கடத்தல்: எல்லை தாண்டிய குற்றத்தின் பெயர்

கிட்னாப்பிங் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்று தமிழில் வழங்கும் ஈடு 'ஆட்கடத்தல்'. 'கட' என்னும் வினையின் பிறவினை 'கடத்து'. ஒரு பொருளையோ ஆளையோ ஓர் எல்லையைத் தாண்டச் செய்வது என்பதே அதன் அடிப்பொருள். தங்கக் கடத்தல், வெப்பக் கடத்தல், ஆட்கடத்தல் ஆகிய மூன்றிலும் இப்பொருளே நிற்கிறது. அமெரிக்காவில் ஆட்கடத்தல் நாடு முழுவதற்கும் பொதுவான குற்றமாக ஆனதற்குக் காரணமும் இந்த எல்லை தாண்டலே என்பதால், சொல்லின் வரலாற்றையும் சட்டத்தின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருடர்களின் குழூஉக்குறியிலிருந்து வந்தது. 'கிட்' என்பது ஆட்டுக்குட்டி. பேச்சு வழக்கில் குழந்தையையும் குறித்தது. 'நாப்' என்றால் வெடுக்கென்று பற்றுதல். நம் வீடுகளில் குழந்தைகளை அடக்கச் சொல்லப்படும் 'பிள்ளைபிடிகாரன்' அதன் நேர் மொழியாக்கம் போலவே அமைந்திருக்கிறது. ஆனால் அங்கே அது வெறும் பூச்சாண்டிக் கதையாக இருக்கவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களின் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்ட காலத்தில், இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் சிறுவர்களையும் இளைஞர்களையும் ஆசை காட்டியோ வலுக்கட்டாயமாகவோ கப்பலேற்றி விற்றவர்களையே அச்சொல் முதலில் சுட்டியது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சட்டத்தைத் தொகுத்து விளக்கிய பிளாக்ஸ்டோன், ஒருவரை அவருடைய நாட்டிலிருந்து வன்முறையாகக் கொண்டுபோய் வேறொரு நாட்டுக்கு அனுப்புவது என்றே இதற்கு இலக்கணம் வகுத்தார். எல்லையைத் தாண்டச் செய்வது இக்குற்றத்தின் உயிர்நிலையாக அன்று கருதப்பட்டது. இருந்தும் அதற்கான தண்டனை அபராதமும் சிறையும் ஊரார் முன் கட்டையில் பூட்டி நிறுத்துவதும்தான் என்பது இன்று படிக்கையில் மனத்தை உறுத்துகிறது.

அமெரிக்க மாநிலங்கள் தத்தம் குற்றச் சட்டங்களை வகுத்தபோது எல்லை தாண்டும் நிபந்தனை பெரும்பாலும் உதிர்ந்துபோய், ஒருவரை அவர் விருப்பமின்றிப் பிடித்துக் கொண்டுபோவதே குற்றமாயிற்று. 1874 ஜூலை 1 அன்று பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் சார்லி ராஸ் என்ற 4 வயதுச் சிறுவன் கடத்தப்பட்டு, 20,000 டாலர் கேட்டு அவன் தந்தைக்குக் கடிதங்கள் வந்தன. மீட்புத் தொகை கேட்டு நடந்த கடத்தலாக அந்நாடு முழுவதும் பேசப்பட்ட முதல் வழக்கு அது. சிறுவன் கிடைக்கவே இல்லை. அப்போதும் வழக்கு மாநிலத்தின் பொறுப்பாகவே இருந்தது. அமெரிக்க அரசமைப்பில் பொதுவான காவல் அதிகாரம் மாநிலங்களிடமே இருப்பதால் வாஷிங்டன் இதில் தலையிட வழியில்லை.

மோட்டார் வண்டி வந்தபின் நிலைமை மாறியது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அக்கரை இல்லினாய். சில நிமிடப் பயணத்தில் குற்றவாளி ஒரு காவல்துறையின் அதிகார வரம்பிலிருந்து இன்னொன்றின் வரம்புக்குப் போய்விடலாம். கடத்தலைக் கூட்டரசுக் குற்றமாக்கும், அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டத்துக்குள் கொண்டுவரும், மசோதாக்களை முதலில் கொண்டுவந்தவர்கள் மிசௌரியின் செனட்டர் பேட்டர்சனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் காக்ரனும் என்பது தற்செயல் அன்று. இனிப் பார்க்கப்போகும் லிண்ட்பெர்க் வழக்குக்கு முன்பே அவை முன்வைக்கப்பட்டிருந்தன.

1932 மார்ச் 1 இரவு நியூ ஜெர்சியின் ஹோப்வெல் அருகே, அட்லாண்டிக் கடலைத் தனியே பறந்து கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க்கின் 20 மாதக் குழந்தை மாடியறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. சன்னல் விளிம்பில் 50,000 டாலர் கேட்ட கடிதம் இருந்தது. வெளியே மூன்று துண்டுகளாகப் பிரித்துச் செருகும்படி கையால் செய்த மர ஏணி ஒன்று கிடைத்தது; அதன் பக்கச் சட்டம் முறிந்திருந்தது. ஏப்ரல் 2 அன்று பிராங்ஸ் கல்லறைத் தோட்டமொன்றில் பணம் கைமாறியது. மே 12 அன்று, வீட்டிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில், குழந்தையின் உடல் கிடைத்தது.

நாட்டின் கொதிப்பு மசோதாவுக்கு உந்துதலானது. 1932 ஜூன் 22 அன்று, அந்தக் குழந்தைக்கு 2 வயது நிறைந்திருக்க வேண்டிய நாளில், குடியரசுத் தலைவர் ஹூவர் கையெழுத்திட, லிண்ட்பெர்க் சட்டம் என்று வழங்கும் கூட்டரசு ஆட்கடத்தல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமே அதற்கு அடிப்படை. ஆகவே கடத்தப்பட்டவரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றத்தின் இன்றியமையாத கூறாயிற்று. மாநிலச் சட்டங்களில் உதிர்ந்துபோன எல்லை மீண்டும் இலக்கணத்துக்குள் வந்தது. இதைத் தமிழில் 'தேசியக் குற்றம்' என்று எழுதுவது பொருந்தாது. தேசத்துக்கு எதிரான குற்றம் என்று அது தவறாகப் புரிந்துகொள்ளப்படும். 'கூட்டரசுக் குற்றம்' என்பதே துல்லியமானது.

சட்டத்துக்குப் பெயர் தந்த வழக்கு அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. குழந்தையின் உடல் நியூ ஜெர்சிக்குள்ளேயே கிடைத்தது. சட்டமும் பின்னால் வந்தது. அந்தக் குழந்தையைக் கடத்தியதாக 1934 செப்டம்பரில் கைதான ஹாப்ட்மன், 1935இல் பிளெமிங்டன் நீதிமன்றத்தில் மாநிலச் சட்டப்படி கொலைக் குற்றத்துக்காகவே விசாரிக்கப்பட்டு, 1936 ஏப்ரல் 3 அன்று மரண தண்டனைக்கு உள்ளானார்.

சட்டம் உண்மையில் எப்படி வேலை செய்தது என்பதை 1933 ஜூலையில் நடந்த அர்ஷல் வழக்கில் காணலாம். ஓக்லஹோமா சிட்டியின் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் அர்ஷல், கண்கள் கட்டப்பட்டு டெக்சாஸில் ஒரு பண்ணைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தலைக்கு மேல் நாள்தோறும் காலையும் மாலையும் விமானம் ஒன்று போகும் ஒலியைக் கவனித்து, சற்றுப் பொறுத்துக் காவலிருந்தவர்களிடம் இயல்பாக மணி கேட்டு நேரத்தை மனத்தில் குறித்துக்கொண்டார். பலத்த மழை பெய்த ஒரு நாள் அந்த ஒலி கேட்கவில்லை. 2,00,000 டாலர் கொடுத்து அவர் விடுவிக்கப்பட்டபின், கூட்டரசுப் புலனாய்வாளர்கள் விமானப் பயண அட்டவணைகளையும் வானிலைக் குறிப்புகளையும் ஒப்பிட்டு அந்தப் பண்ணையைக் கண்டுபிடித்தார்கள். கடத்தியவர்களில் ஒருவரான 'மெஷின் கன்' கெல்லி ஆயுள் தண்டனை பெற்றார். இரு மாநிலங்களின் காவல்துறைகள் தனித்தனியே இந்த முடிச்சை அவிழ்த்திருக்குமா என்பது ஐயமே.

1934இல் சட்டம் திருத்தப்பட்டது. கடத்தப்பட்டவர் ஊறின்றி விடுவிக்கப்படாவிட்டால் நடுவர் குழுவின் பரிந்துரைப்படி மரண தண்டனை விதிக்கலாம் என்றும், 7 நாளுக்குள் ஆள் திரும்பாவிட்டால் மாநில எல்லை தாண்டப்பட்டதாகக் கொள்ளலாம் என்றும் சேர்த்தார்கள். 1956இல் அது 24 மணி நேரமாகக் குறைந்தது. மரண தண்டனைப் பகுதியை 1968இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது; நடுவர் குழு விசாரணை கேட்பவருக்கு மட்டுமே மரணம் நேரக்கூடும் என்ற அமைப்பு, அந்த உரிமையைக் கைவிடும்படி குற்றம்சாட்டப்பட்டவரை அச்சுறுத்துகிறது என்பது காரணம். அது சரியான தீர்ப்பு என்றே எண்ணுகிறேன்.

இனித் தமிழ்ச் சொற்கள். 'கவர்தல்' பழமையானது, வெட்சித் திணையில் பகைவரின் ஆநிரையைக் கவர்கிறார்கள். இன்று கவர்ச்சியின் பொருள் மேலோங்கிவிட்டதால் தனித்து நிற்கும்போது அது தெளிவு தராது. 'சிறையெடுத்தல்' பெண்ணைத் தூக்கிச் செல்வதற்கே பெரிதும் வழங்கியது. இந்தியத் தண்டனைச் சட்டம் கிட்னாப்பிங் குற்றத்தை, நாட்டு எல்லைக்கு வெளியே கொண்டுபோவது, இளையவரைச் சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து கொண்டுபோவது என இரண்டாகப் பிரித்து, வன்முறையாலோ ஏமாற்றியோ கொண்டுபோகும் அப்டக்ஷனை வேறாக வைத்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137, 138 ஆகிய பிரிவுகளும் அப்படியே வைத்திருக்கின்றன. முன்னதற்கு 'ஆட்கடத்தல்', பின்னதற்கு 'ஆட்கவர்வு' எனப் பிரித்து எழுதலாம். ஆட்களை வாங்கி விற்கும் கொடுமையை 'ஆள் வணிகம்' என்றே சொல்ல வேண்டும். அதையும் கடத்தல் என்றால் விற்பனை மறைந்துவிடுகிறது. மீட்கக் கொடுக்கும் பணத்தைப் 'பிணைத் தொகை' என்பதும் வேண்டாம். அது நீதிமன்றப் பிணையோடு குழம்பும், 'மீட்புத் தொகை' போதும். பெற்றோரே தம் குழந்தையைக் கொண்டுபோவதை 1934ஆம் ஆண்டின் திருத்தம் விலக்கி வைத்ததால், லிண்ட்பெர்க் சட்டம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் அந்நிகழ்வை 'கொண்டுபோதல்' என்று மட்டும் குறிப்பது சரியாக இருக்கும்.