இங்கிலாந்துக்குத் திரும்பி வருவோருக்கு இலவச மருத்துவம் எப்போது கிடைக்கும்?

நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்த பிரித்தானியக் குடிமக்கள் பலர், கையில் கடவுச்சீட்டும் பல ஆண்டுகள் வரி கட்டிய கணக்கும் இருந்தால் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்று எண்ணுகிறார்கள். சட்டம் பார்ப்பது இவ்விரண்டையும் அல்ல. அவர் இப்போது அந்நாட்டில் நிலையாக வசிக்கிறாரா என்பதை மட்டுமே.

1982இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பொன்றிலிருந்து வரும் அளவுகோலின்படி, ஒருவர் சட்டபூர்வமாகவும் விரும்பியும் ஏதேனும் நிலையான நோக்கத்தோடும் தம் அன்றாட வாழ்க்கையை அங்கே நடத்த வேண்டும். இதற்குக் குறைந்தபட்சக் காலவரையறை ஏதும் இல்லை. ஆகவே குடியேறும் எண்ணத்தோடு திரும்பும் குடிமகனுக்கு, வந்திறங்கிய நாளிலிருந்தே உரிமை உண்டு. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு.

எண்ணத்தை வாய்ச்சொல்லால் மட்டும் நிறுவ முடியாது. மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளர் பிரிவினர் கேட்கும்போது, வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வெளிநாட்டு வீட்டை விற்ற அல்லது காலி செய்த ஆவணம், பொருட்களைக் கப்பலில் அனுப்பிய ரசீது போன்றவற்றைக் காட்டுவது நல்லது. போய்வரும் பயணச்சீட்டோடு வந்து, உறவினர் வீட்டில் தங்கி, அறுவைச் சிகிச்சை முடிந்ததும் திரும்ப நினைப்பவர் இதில் தேறுவது கடினம்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் பிரித்தானியத் தமிழர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பிரித்தானிய ஓய்வூதியம் பெறுவது மட்டும் இந்த உரிமையைத் தந்துவிடாது. 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அங்கே நிலையாக வசிக்காத, விலக்கும் பெறாத வருகையாளரிடம் வழக்கமான விலையில் 150 விழுக்காடு, அதாவது ஒன்றரை மடங்கு, வசூலிக்கப்படும். 2017 அக்டோபர் முதல், அவசரமற்ற சிகிச்சைக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தவும் வேண்டும். உயிர்காக்கும் சிகிச்சையும் மகப்பேற்று மருத்துவமும் பணத்துக்காக மறுக்கப்படா, ஆனால் கட்டணச் சீட்டு பின்னால் வரும். குடும்ப மருத்துவரின் ஆலோசனையும், உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் வரையிலான அவசரப் பிரிவுச் சிகிச்சையும் எல்லோருக்கும் இலவசம்.

உடன் வரும் வாழ்க்கைத்துணை பிரித்தானியக் குடிமகனாக இல்லையெனில், அவருடைய உரிமை தனியாகவே கணக்கிடப்படும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கையில் ஆண்டுக்கு 1,035 பவுண்டு குடிவரவுச் சுகாதாரக் கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும்.