100 டாலர் ஜாக்கெட் வீட்டு வாசலுக்கு வரும்போது ஏன் 187 டாலர் ஆகுது?

வெளிநாட்டு சைட்ல 100 டாலருக்கு ஒரு ஜாக்கெட், ஷிப்பிங் 30, ஆக 130 கட்டி ஆர்டர் போட்டாச்சு, கொஞ்ச நாள் கழிச்சு கொரியர்ல இருந்து இன்னும் 56 டாலர் சொச்சம் கட்டுங்க அப்பதான் பார்சல் வரும்னு மெசேஜ் வருது, உடனே நிறைய பேர் இது ஃப்ராடுன்னு நெனச்சுக்கிறாங்க. சில நேரம் நெஜமாவே ஃப்ராடுதான், அதனால அந்த லிங்க்க அமுக்காம கொரியர் சைட்டுக்கு நேரா போய் ட்ராக்கிங் நம்பர போட்டுப் பாருங்க. ஆனா பல சமயம் அது நெஜமான வரிதான்.

டியூட்டி (இறக்குமதி வரி) 10 சதவீதம், அதுக்கு மேல வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20 சதவீதம்னு வச்சுக்குவோம். மனக்கணக்குல 100க்கு 30 டாலர்தானேன்னு தோணும். அங்கதான் மாட்டிக்கிறோம். பெரும்பாலான நாடுகள்ல பொருள் விலையோட ஷிப்பிங், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கூட்டித்தான் டியூட்டி போடுவாங்க, இத சிஐஎஃப் மதிப்புன்னு சொல்றது. அப்போ 130க்கு டியூட்டி 13. இப்ப 143 ஆச்சா, வாட் இந்த 143க்கு, அதாவது 28.60. வரிக்கு மேல வரி! ரெண்டும் சேர்த்து 41.60. நமக்காக கஸ்டம்ஸ்ல முன்கூட்டி கட்டினதுக்கு கொரியர் ஒரு 15 டாலர் சர்வீஸ் சார்ஜ் போட்டா 56.60. (அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி சில நாடுகள்ல டியூட்டி கணக்குல சர்வதேச ஷிப்பிங் செலவ சேக்க மாட்டாங்க.)

அந்த 10 சதவீதத்த யார் முடிவு பண்றது? ஒவ்வொரு பொருளுக்கும் அது என்ன வகைன்னு காட்டுற எச்எஸ் கோட்னு ஒரு நம்பர் இருக்கு, அத வச்சுத்தான் அந்தந்த நாடு ரேட் போடும். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதுக்கு அப்புறம் அந்தந்த நாடு தனக்கு வேணுங்கற இலக்கத்த சேத்துக்கும். இதுல சின்ன வித்தியாசம் கூட பெரிய காசு. அமெரிக்காவோட சாதாரண டியூட்டி பட்டியல்ல காட்டன் டீ-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதம், அதே டீ-ஷர்ட் பாலியஸ்டரா இருந்தா 32! கடைக்காரர் டிக்ளரேஷன்ல சும்மா 'துணி'ன்னு எழுதி அனுப்பினா கஸ்டம்ஸ் ஆபீசர் தனக்குத் தெரிஞ்ச கோட போடுவாரு, இல்ல பார்சல நிறுத்தி வச்சு விவரம் கேப்பாரு. இன்னொண்ணு, ரேட் பாக்கும்போது பார்சல் எங்கிருந்து கெளம்புச்சுங்கறத விட பொருள் எங்க தயாராச்சுங்கறதுதான் கணக்கு. ஜெர்மனி கடையில வாங்கினாலும் வியட்நாம்ல தைச்சிருந்தா அது வியட்நாம் பொருள்தான்.

ஷிப்பிங்லயும் ஒரு விஷயம் இருக்கு. விமானத்துல எடை மாதிரியே இடமும் காசுதான், அதனால கொரியர்கள் பெட்டியோட நீளம், அகலம், உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி வழக்கமா 5000ஆல வகுப்பாங்க, வர்ற எண்ணும் நெஜ எடையும் எது அதிகமோ அதுக்குத்தான் பில். 40, 30, 25ல ஒரு பெட்டிக்குள்ள ஒரே கிலோ ஜாக்கெட் இருந்தாலும் பில் 6 கிலோவுக்கு. ஷிப்பிங் ஏறுனா சிஐஎஃப் மதிப்பும் ஏறும், கூடவே வரியும் ஏறும். மடிச்சு சின்ன கவர்ல போடச் சொன்னாலே நல்லா மிச்சமாகும்.

முன்னாடி சின்ன பார்சல்களுக்கு பல நாடுகள் வரி கேக்கல, வர்ற வரிய விட வசூல் பண்ற செலவு ஜாஸ்தின்னு. பார்சல் வெள்ளமா வர ஆரம்பிச்சதும், உள்ளூர் கடைக்காரங்க வரி கட்டுறப்போ வெளிநாட்டு கடைகளுக்கு மட்டும் எதுக்கு சலுகைன்னு சண்டை வந்துச்சு (எனக்கு அந்தக் கேள்வி நியாயம்னுதான் படுது). 2021 ஜூலைல ஐரோப்பிய யூனியன் 22 யூரோ வரைக்கும் இருந்த வாட் விலக்க எடுத்துருச்சு, அமெரிக்கா 800 டாலர் வரைக்கும் குடுத்த சலுகைய 2025 ஆகஸ்ட் 29ல எல்லா நாட்டுக்கும் நிறுத்துச்சு.

அதனால செக்அவுட்ல டிடிபின்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா வரி அங்கயே வசூலாயிடும், டிஏபின்னா டெலிவரி அப்போ நம்ம தலையில. கடைக்காரர் 'கிஃப்ட்'னு போட்டு 10 டாலர்னு எழுதித் தரேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, மாட்டினா அபராதம், பார்சல் தொலஞ்சா நஷ்ட ஈடும் அந்த 10 டாலர வச்சுத்தான் வரும்.