யூடியூப் போய்ச் சேர்வதற்குள் எச்.டி.ஆர். வீடியோ ஏன் வெளிறுகிறது?

கோயில் பிரகாரத்தின் நிழலில் நின்று, வெயிலில் மின்னும் கோபுரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பாருங்கள். தூண்கள் தெளிவாகத் தெரிந்தால் கோபுரம் வெளுத்துவிடும். கோபுரம் தெரிந்தால் தூண்கள் இருளில் மூழ்கும். கண்ணோ இரண்டையும் பார்க்கிறது. இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்), அதாவது ஆழ்ந்த இருளையும் மிகுந்த ஒளியையும் ஒரே படத்தில் அடக்கும் முறை.

சாதாரண வீடியோவின் விதிகள் ஏறக்குறைய 100 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் படக்குழாய்த் திரைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது அதிகபட்சம் 256 படிகள். இன்றைய நல்ல கைப்பேசித் திரைகள் 1,000 நிட்டைத் தாண்டுகின்றன. அவ்வளவு உயரத்தை 256 படிகளில் ஏறினால் அந்தி வானம் பட்டை பட்டையாகத் தெரியும். அதனால் எச்.டி.ஆர். வீடியோவுக்கு 10 பிட், 1,024 படிகள்.

அந்தப் படிகளை இருளுக்கும் ஒளிக்கும் எப்படிப் பங்கிடுவது? இதற்கு இரண்டு வழிகள் உண்டு. டால்பி உருவாக்கிய பி.கியூ. முறையில் ஒவ்வோர் எண்ணும் திட்டமான ஒரு வெளிச்ச அளவைக் குறிக்கும். உச்சம் 10,000 நிட். பிரிட்டனின் பிபிசியும் ஜப்பானின் என்.எச்.கே.யும் உருவாக்கிய எச்.எல்.ஜி. வேறு வகை. அதன் வளைகோட்டின், அதாவது ஒளியை எண்ணாக மாற்றும் விதியின், கீழ்ப்பாதி பழைய வீடியோவைப் போலவே நடக்கும். மேல்பாதி மடக்கை விதிப்படி வளைந்து, மிகப் பிரகாசமான ஒளியைச் சுருக்கி அடக்கும். ஒரே ஒளிபரப்பு பழைய தொலைக்காட்சியிலும் ஓரளவு சரியாகத் தெரிய வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த அழகான தீர்வு இது. 2020இல் வந்த ஐபோன் 12 பதிவு செய்யும் டால்பி விஷன் (டால்பியின் எச்.டி.ஆர். வடிவம்) வீடியோவும் எச்.எல்.ஜி. மீதுதான் நிற்கிறது.

ஆக, கோப்பில் உள்ள 700 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. எந்த நிறவெளி (காட்டக்கூடிய நிறங்களின் எல்லை), எந்த வளைகோடு, எந்த நிற அணி (எண்களை நிறங்களாக மாற்றும் கணக்கு) என்று கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும் சிறு குறிப்புகள்தாம் அதற்குப் பொருள் தருகின்றன. அவை தொலைந்தால் பிளேயர் அதைப் பழைய வீடியோ என்று எடுத்துக்கொள்ளும். அகன்ற நிறவெளிக்கான எண்களைக் குறுகிய நிறவெளியில் காட்டும். செந்தூரச் சிவப்பு மங்கும், படம் முழுவதும் வெளிறும். கேமரா மீது பழி போடுகிறோம். குற்றம் பெரும்பாலும் வழியில் நடந்தது.

எனவே கோப்பை அரட்டைச் செயலி வழியாகக் கணினிக்கு அனுப்பாதீர்கள். அது மறுபடி சுருக்கிவிடும். கேபிளில் மாற்றுங்கள். எடிட்டிங் மென்பொருளில் ரெக்.2100 எச்.எல்.ஜி. (ரெக்.2100 என்பது எச்.டி.ஆர். வீடியோவுக்கான தரநிலை) என்று அமைத்து, எச்.இ.வி.சி. என்ற வீடியோ சுருக்க முறையில் 10 பிட்டில் ஏற்றுமதி செய்யுங்கள். பழைய சுருக்க முறையான எச்.264 என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் 8 பிட்டுக்கு இறங்கிவிடும்.

படம் பிடிக்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சென்சாரில் முழுவதும் வெளுத்துப்போன இடத்தை எச்.டி.ஆர். மீட்காது. பிரகாசமான இடத்தைத் தொட்டு எக்ஸ்போஷரைப் பூட்டி, சற்றே குறையுங்கள். எச்.எல்.ஜி.யில் வெள்ளைத் தாளுக்கான இடம் சிக்னல் அளவில் 75 சதவீதம். மீதி கால் பங்கு தீபச் சுடருக்கும் நீரில் தெறிக்கும் சூரியனுக்கும். முகத்தை அங்கே ஏற்றினால் பார்ப்பவர் கண் கூசும். மேகமூட்டமான நாளில் எடுக்கும் பேட்டிக்கு எச்.டி.ஆர். தேவையே இல்லை என்பேன்.

யூடியூப் 2016 முதல் எச்.டி.ஆர். வீடியோவை ஏற்கிறது, சாதாரணத் திரைகளுக்கான பிரதியைத் தானே தயாரித்துக்கொள்ளும். எச்.டி.ஆர். வடிவம் தயாராகக் கூடுதல் நேரம் ஆகலாம். அதுவரை பட்டியலிடாத (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்) நிலையில் வைத்திருந்து, தர அமைப்புப் பட்டியலில் எச்.டி.ஆர். குறி வந்தபின் ஒரு பழைய திரையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.