‘சமவாய்ப்பு’ என்ற தவறான சொல்

தேயிலைச் சிறு விவசாயிகளைப் பற்றிய ஓர் ஆய்வின் தமிழ்ச் சுருக்கத்தைக் கோத்தகிரியில் ஒரு கூட்டத்தில் வாசித்தார்கள். ‘சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட விவசாயிகள்’ என்று வந்ததும் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். “சமவாய்ப்புன்னா எல்லாருக்கும் உண்டுன்னுதானே சார் அர்த்தம்? எங்க ஹட்டியில ஒருத்தரைக்கூடக் கேக்கலையே?” (ஹட்டி என்றால் படகர்களின் ஊர்.) மேடையில் இருந்தவர், “அது டெக்னிக்கல் வார்த்தைங்க” என்று சொல்லி அவரை உட்காரவைத்தார். டெக்னிக்கல் வார்த்தைதான். ஆனால் டெக்னிக்கலாகவும் அது தவறு என்பதுதான் என் வழக்கு.

மூலச்சொல் ஆங்கிலத்தின் ரேண்டம் (random). பழைய பிரெஞ்சில் ‘ரான்டோன்’ என்றால் பாய்ச்சல், கட்டுக்கடங்காத வேகம். அது ஆங்கிலத்துக்குப் போய், ‘இலக்குப் பார்க்காமல்’ என்று பொருள் மாறியது. ‘எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது’ என்ற பொருளில் புள்ளியியல் அதை எடுத்துக்கொண்டது வெகு பின்னால். வரலாறு இவ்வளவு போதும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்குச் சமவாய்ப்பு என்றே போட்டுவிட்டார்கள். சமவாய்ப்புச் சோதனை, சமவாய்ப்பு மாறி, சமவாய்ப்பு மாதிரி. எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. எளிய மாதிரி எடுப்பில், அதாவது பலரிலிருந்து சிலரை மட்டும் தேர்ந்தெடுப்பதில், ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு வாய்ப்புத்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை முறை இருக்கிறதே, அதைப் போல. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். அங்கே வாய்ப்பு சமம்தான். அந்த ஒரு வகையைப் பார்த்துவிட்டு மொத்தக் குடும்பத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

விளைவு என்ன? இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுத்தொகையைப் பார்ப்பது எல்லா வகுப்பிலும் வரும் கணக்கு. 7 விழ 36இல் 6 வழிகள். 2 விழ ஒரே வழி. இந்தக் கூட்டுத்தொகைக்குப் பாடநூல் தருகிற பெயர் ‘சமவாய்ப்பு மாறி’. எங்கே சமம்? இன்னும் மோசம், ‘ஒரே அளவு நிகழக்கூடிய’ நிகழ்ச்சிகளையும் சமவாய்ப்பு நிகழ்ச்சிகள் என்றே சொல்கிறார்கள். அது சரியான பெயர். அதற்கு உரிய சொல்லை இன்னொன்றுக்கும் கொடுத்ததால் இரண்டும் கெட்டது.

குவாண்டம் இயற்பியலுக்குப் போனால் கேலியாகவே ஆகிவிடும். இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் 1926இல் சொன்னது, அளவீட்டின் முடிவை முன்கூட்டிச் சொல்ல முடியாது, நிகழ்தகவை மட்டுமே சொல்லலாம் என்பது. ஒரு திசையில் அதிர்கிற ஒளியை மட்டும் விடுகிற போலராய்டு தகட்டின் அச்சுக்கு 30 பாகை சாய்வாக அதிர்கிற ஒளி வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு ஒளித்துகளும் கடந்துபோக 75 விழுக்காடு வாய்ப்பு, நின்றுபோக 25. எந்தத் துகள் கடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அது அசல் ரேண்டம். முக்கால், கால் என்று பிரிந்து நிற்கிற இதைச் சமவாய்ப்பு நிகழ்வு என்று எழுதுகிற மொழிபெயர்ப்பாளருக்குக் கை கூசாதா?

பொறியியல் வடிவமைப்பில் கேலி இல்லை, குழப்பம். ஊட்டிக்கு அருகே முத்தோரைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. அப்படி ஒன்றைத் திறந்தவெளியில் நிறுத்துகிறவர் காற்றின் தாக்குதலைக் கணக்கிட்டாக வேண்டும். பெரும்பாலான நாள் இளங்காற்று, எப்போதாவது பேய்க்காற்று. இதைச் ‘சமவாய்ப்புச் சுமை’ என்று எழுதிப் பாருங்கள். மாணவன் முதலில் நினைப்பது சீராகப் பரவிய சுமையைத்தான். சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

வேளாண் கொள்கையில்தான் எனக்கு உண்மையான கோபம். பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை. அறிவிக்கை செய்த பகுதியில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி விளைச்சலைக் கணக்கிடுகிறார்கள். எந்த வயல் என்பது ரேண்டம் எண்களால் முடிவாகிறது. அதிகாரி கண்ணுக்கு நல்லதாகவோ மோசமாகவோ பட்ட வயலைப் பிடிக்கக் கூடாது என்பதே நோக்கம். 1930களில் வங்காளத்துச் சணல் பரப்பைப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் இந்த வழியில் அளந்து காட்டினார். இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டுக்குச் சமவாய்ப்பு என்று பெயர் வைத்தால், கேட்பவர் சலுகைத் திட்டம் என்று எண்ணுகிறார். ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் எல்லோருக்கும் சமமான வாய்ப்பு என்ற அரசியல் பொருள். பெரியவர் கேட்டது அந்தப் பொருளில்தான்.

தவிர, எல்லா மாதிரியிலும் வாய்ப்பு சமமாக இருப்பதும் இல்லை. தேயிலைப் பரப்பு அதிகமுள்ள ஊருக்கு அதிக வாய்ப்பு வருகிறபடி தேர்ந்தெடுக்கும் முறை வழக்கத்தில் இருக்கிறது. அதைப் பாடநூல் தமிழில் எழுதினால் ‘சமமற்ற வாய்ப்புள்ள சமவாய்ப்பு மாதிரி’ என்றுதான் வரும். நான் இட்டுக்கட்டவில்லை, வேறு எப்படி எழுதுவீர்கள்?

சரி, மாற்று என்ன? ‘தற்செயல்’ என்றால் விபத்து மாதிரி ஒலிக்கிறது. ‘குருட்டாம்போக்கு’ பேச்சுக்கு அழகு, பொருளுக்குப் பகை. கவனமில்லாமல் செய்வது வேறு, ரேண்டமாகச் செய்வது வேறு. மலைச்சரிவில் உருளைக்கிழங்குச் சோதனை போடுகிறவரைக் கேளுங்கள். மேல் மண் கழுவிக்கொண்டு வந்து கீழே சேர்வதால் அடிவாரத்துப் பாத்தி எப்போதும் கொழுப்பு. ஆகவே சரிவில் ஒரே உயரத்தில் ஓடுகிற சமமட்டக் கோட்டை ஒட்டி நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்த ரகம் எந்தப் பாத்தியில் என்று எண்களைக் கொண்டு ஒதுக்குவார்கள். பண்ணைப் பணியாளர் வரை எல்லோருக்கும் அது ‘ஆர்.பி.டி.’ (ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன்). இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் வேலை பார்த்த புள்ளியியலாளர் ஃபிஷர் வகுத்த வழி அது. மிகக் கறாரான வழி. குருட்டாம்போக்கில் நட்டால் ஆய்வாளரின் கையே ஒருபக்கம் சாய்ந்துவிடும், அவருக்கே தெரியாமல்.

ரேண்டம் என்றே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். நான் தூய்மைவாதி இல்லை. பஸ்ஸைப் பேருந்து என்று சொல்லாததற்காக யாரிடமும் சண்டை போட்டதில்லை. ஆனால் ‘ரேண்டமா ஏதோ பேசுறான்’ என்று இன்றைய பிள்ளைகள் சொல்வது சம்பந்தமில்லாமல் உளறுவதை. கடன்சொல்லும் நழுவிவிட்டது.

எனக்குப் பிடித்த சொல் இலங்கையிலிருந்து வருகிறது: எழுமாற்று. அங்கே பாடநூல்களில் எழுமாற்று மாதிரி, எழுமாற்று மாறி என்றே இருக்கிறது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்டங்களில் இருக்கின்றன. உறவுகள் இன்னும் நுவரெலியாவில். அப்படி ஒரு நண்பர் வீட்டுக்கு வந்திருந்த பெண்ணின் புள்ளியியல் புத்தகத்தில்தான் முதலில் பார்த்தேன். நான் பிரிப்பது எழும் + ஆறு, அதாவது எழுகிறபடி. வருமாறு, செய்யுமாறு போல. ‘ஆறு’ என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது ‘ஆற்று’ ஆவதுபோல எழுமாறு எழுமாற்று ஆகிறது. சமம் என்ற பொய் வாக்குறுதி இதில் இல்லை. ‘எழுந்தமானமாக’ (நினைத்தபடி) என்ற வழக்கின் அலட்சியம் இதிலும் ஒட்டியிருக்கிறது என்பார் உண்டு. கொஞ்சம் ஒட்டியிருக்கலாம், ஆனால் தெருவில் புழங்காத சொல் என்பதால் வகுப்பறையில் வரையறுத்து நிறுத்திவிடலாம். சமவாய்ப்பை அப்படி நிறுத்த முடியாது. அதன் பொருள் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

நிகழ்தகவு என்று எவ்வளவு தெளிவாக ஆக்கியிருக்கிறார்கள், பாருங்கள். நிகழத் தக்கதன் அளவு. அதே பக்கத்தில் சமவாய்ப்பையும் அச்சிட்டுவிட்டு, அதன்பின் வருகிற மொழிபெயர்ப்பாளர்கள் யாரும் வாக்கியத்தைப் படித்துப் பார்க்காமல் கலைச்சொல் பட்டியலைப் பார்த்து ஒட்டிக்கொண்டே போவதுதான் இப்போது நடக்கிறது. இயற்பியல் நூலுக்கும் அதே பட்டியல், விவசாயத் துண்டறிக்கைக்கும் அதே பட்டியல்.

ஆகவே மாறிக்கும் மாதிரிக்கும் எழுமாற்று, ஆர்.பி.டி.க்கு எழுமாற்றுத் தொகுதி அமைப்பு. துண்டறிக்கையில் அதுவும் வேண்டாம்: ‘உங்கள் பகுதியின் சர்வே எண்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த வயல்கள்’ என்று எழுதினால் போதும். சில ஊருக்குக் கூடுதல் வாய்ப்பு என்றால் அதையும் எளிதாகச் சொல்லலாம்: ‘பெரிய ஊருக்குச் சீட்டு அதிகம்’.