நானோ துகள் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா? சென்னை வீடுகளுக்கான ஒரு விளக்கம்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குத் தண்ணீர் மாதிரி கொண்டுவருகிறவர்களில் பலர், நானோ தொழில்நுட்பம் என்று அட்டையில் அச்சிட்ட வடிகட்டியை வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்தத் துகள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

இதற்குப் பெரிதும் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள் ஒரு குறைகடத்தி, அதாவது போதிய ஆற்றல் கிடைத்தால்தான் அதன் எலக்ட்ரான்கள் விடுபட்டு நகரும். அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்தின் மீது சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், எலக்ட்ரான் ஒன்று மேல் ஆற்றல் நிலைக்குத் தாவ, அது இருந்த இடத்தில் துளை உண்டாகிறது. துளை தண்ணீருடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதனுடனும் சட்டென்று வினைபுரியும் துணுக்கைத் தருகிறது. எலக்ட்ரான், கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொரு ரேடிக்கலாக்குகிறது. இவை சாயம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருள்களைச் சிதைப்பதோடு, பாக்டீரியாவின் செல் சவ்விலுள்ள கொழுப்பையும் ஆக்சிஜனேற்றம் செய்து அதைக் கொன்றுவிடுகின்றன. ஜப்பானிய அறிவியலாளர்கள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இந்தப் பொருளின் மீது ஒளியைச் செலுத்தித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டியது 1972இல். நுண்ணுயிர்களைக் கொல்லும் அதன் திறனை வேறு ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டது 1985இல்.

மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த தண்ணீரில் இந்தத் தூளைச் சிறிது போட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தால் நீலம் வெளுத்துக்கொண்டே போகும். அதே கலவையை இருட்டில் வைத்தால், சாயம் துகள்மேல் ஒட்டுவதால் முதலில் நிறம் சற்றே குறையும். அதன்பின் அப்படியே நிற்கும். ஆகவே, விளக்கோ வெயிலோ எட்டாத மூடிய குடுவைக்குள் இருக்கும் டைட்டானியம் பூச்சு இந்த வழியில் கிருமியைக் கொல்ல முடியாது. வெயிலில் இன்னொன்றும் கண்ணில் படும்: நீலம் போன பிறகும் தண்ணீர் பால்போல வெளுத்தே இருக்கும், நுண்துகள் எளிதில் படியாது, சாதாரண வடிதாளையும் தாண்டிவிடும். அதனால் குடிநீருக்கு, கண்ணாடியிலோ பீங்கானிலோ உறுதியாகப் பதித்த துகளைத்தான் ஏற்கலாம். காட்மியம் சல்பைடு என்ற இன்னொரு குறைகடத்தி கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் என்றாலும், ஒளியில் அதுவே அரித்துக் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைத் தண்ணீரில் விடும் என்பதால், குடிநீரின் பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த முடிவை நம் ஊர்த் தண்ணீரில் அப்படியே எதிர்பார்க்க முடியாது. போர் தண்ணீரில் மிகுந்திருக்கும் பைகார்பனேட், ஹைட்ராக்சில் ரேடிக்கலை வழியிலேயே விழுங்கிவிடும். லாரித் தண்ணீரின் கலங்கல் ஒளியை மறிக்கும். சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கே ஏறத்தாழ 5 விழுக்காடுதான். கடலோரப் பகுதிகளின் உப்பை இம்முறை துளியும் குறைக்காது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, ஒளி நின்றதும் பாதுகாப்பும் நின்றுவிடுவதுதான். குளோரின் தண்ணீரில் தங்கிக் காவல் காக்கும். அதனால்தான் இந்தியக் குடிநீர்த் தரம், குளோரின் இட்ட நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்கச் சொல்கிறது. ரேடிக்கல்களோ கணப்பொழுதில் மறைந்துவிடும். விரிசல் விட்ட சம்ப்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில்) கழிவுநீர் கசிந்தால், சுத்தம் செய்த தண்ணீரும் மீண்டும் கெடும். 2015 வெள்ளத்தின்போதும், 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் சம்ப்பில் வெள்ளநீர் புகுந்த வீடுகள், அதை வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் இட்டுத்தான் மீண்டும் பயன்படுத்தியிருக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்திருக்கவும் வேண்டும்.

வடிகட்டி விற்பவரிடம், புற ஊதா விளக்கு எங்கே இருக்கிறது, துகள் எதில் பதிந்திருக்கிறது, எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். 100 மில்லிலிட்டரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா அறவே இல்லை என்ற அறிக்கையை, உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அந்தக் கருவியில் செலுத்திச் சோதித்துத் தரும்படி கேட்டு வாங்குங்கள்.